கல்லூரிக் குழுவிடம் சொன்னால் போதுமா, காவல் நிலையத்துக்கும் போக வேண்டுமா?

விடுதித்தோழி:
என்னுடன் அறையில் தங்கியிருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவியை, எங்கள் துறை ஆசிரியர் ஒருவர் நேற்று முன்தினம் மாலை ஆய்வகத்தில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கியிருக்கிறார். நேற்றிரவுதான் அவள் என்னிடம் சொன்னாள். விடுதிக் காப்பாளரோ, “கல்லூரிக் குழு பார்த்துக்கொள்ளும், வெளியே போனால் உன் பெயர்தான் கெடும்” என்கிறார். அகமதிப்பெண்ணும் ரெக்கார்டு நோட்டுக் கையெழுத்தும் அந்த ஆசிரியரின் கையில்தான் இருக்கின்றன. முதலில் என்ன செய்வது?

அரசு மருத்துவர்:
புகாரைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம். இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். கருத்தடை அவசர மாத்திரையும் எவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்கிறாரோ அவ்வளவு நல்லது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 397ஆம் பிரிவின்படி, அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, உடனடியாக இலவசச் சிகிச்சை அளித்தே ஆக வேண்டும். மருத்துவமனை காவல்துறைக்குத் தகவல் தரும், அது அதன் கடமை. ஆனால் தோழி புகார் தர விரும்பவில்லை என்றால் அதை எழுதி வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தொடர வேண்டுமே தவிர, நிறுத்தக் கூடாது. அவருடைய சம்மதம் இல்லாமல் உடற்பரிசோதனை கிடையாது. உடலுறவுப் பழக்கம் உண்டா என்று பார்ப்பதாகச் சொல்லும் ‘இரு விரல்’ பரிசோதனையைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றத்துக்கு ஆளாவார் என்று 2022இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அன்று உடுத்தியிருந்த துணிகளைத் துவைக்காமல், பிளாஸ்டிக் பையைத் தவிர்த்து, காகித உறையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள்.

வழக்குரைஞர்:
இரண்டும் வெவ்வேறு வழிகள். ஒன்றில் போனால் மற்றொன்று அடைபடாது. உங்கள் காப்பாளர் சொல்லும் கல்லூரிக் குழு, அதாவது உள்ளகப் புகார்க் குழு, பணிவிதிகளின்படி நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கலாம். சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அதற்கு இல்லை. அதனிடம் மூன்று மாதங்களுக்குள் எழுத்து மூலம் புகார் தர வேண்டும் (தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதங்கள் வரை நீட்டிக்கலாம்). 90 நாட்களுக்குள் விசாரணை முடிய வேண்டும். புகாரோடு இடைக்கால நிவாரணமும் கேளுங்கள்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2015ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி அந்த ஆசிரியரை மதிப்பெண் போடும் பொறுப்பிலிருந்து விலக்கக் கேட்கலாம். ‘சமாதானமாகப் போகலாம்’ என்ற பேச்சை, தோழியே கேட்டாலன்றி, குழு எடுக்கவே கூடாது. புகாரின் பிரதியில், பெற்றுக்கொண்டதற்குத் தேதியோடு கையொப்பம் வாங்க மறக்காதீர்கள்.

காவல்துறையைப் பொறுத்தவரை எந்த நிலையத்திலும் பதியலாம், எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்ப முடியாது. வாக்குமூலத்தைப் பெண் அதிகாரிதான் பதிவு செய்ய வேண்டும்.

பேராசிரியை:
‘பெயர் கெடும்’ என்பதற்கு ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா (தண்டனைச் சட்டம்) 72ஆம் பிரிவின்படி குற்றம். ஆனால் சட்டம் இருப்பதால் கசிவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன்: 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவி பாலியல் வன்கொடுமை வழக்கில் முதல் தகவல் அறிக்கையே வெளியே வந்துவிட்டது. அதற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கவும், பெண் ஐபிஎஸ் அதிகாரிகள் கொண்ட குழு விசாரிக்கவும் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. ஐந்தே மாதங்களில் குற்றவாளி என்று தீர்ப்பாகி, 2025 ஜூனில் 30 ஆண்டுகளுக்குத் தண்டனைக் குறைப்பு இல்லாத ஆயுள் தண்டனை கிடைத்தது. அந்தப் பெண் புகார் தராமல் இருந்திருந்தால் அவன் அடுத்தவளைத் தேடியிருப்பான் என்பது என் கருத்து. அதற்காக உங்கள் தோழியை நெருக்க எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை.

விடுதித்தோழி:
மருத்துவமனைக்குக் கிளம்புகிறோம். வீட்டுக்கு நான் சொல்லிவிடலாமா?

பேராசிரியை:
அவர் கேட்டுக்கொண்டால் மட்டும் சொல்லுங்கள். 18 வயது நிறைந்தவர், முடிவு அவருடையது. விடுதியில் இருக்கப் பயமாக இருந்தால் பெண்கள் உதவி எண் 181ஐ அழையுங்கள். மாவட்டத்தில் பெண்களுக்காக உள்ள ஒருங்கிணைந்த சேவை மையத்தில் தற்காலிகமாகத் தங்க இடமும், ஆலோசகரும், சட்ட உதவியும் கிடைக்கும்.