பித்தளைச் சொம்புல ஜன்னல் கம்பி தெரியுது, என்ன செய்யலாம்?

வணக்கம் நண்பர்களே. வீட்டு ஜன்னல் வெளிச்சத்துலயே ஸ்டில் லைஃப் (அசையாப் பொருட்களை வெச்சு எடுக்கிற போட்டோ) எடுத்துப் பழகிட்டிருக்கேன். கிழக்குப் பார்த்த ஜன்னல். நேர் வெயில் விலகினதும் ஆரம்பிப்பேன். மண்சட்டி, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் அழகா வருது. பக்கவாட்டு வெளிச்சத்துல வெங்காயச் சருகோட நரம்புகூடத் தெரியுது.

பிரச்சினை பாட்டியோட பித்தளைச் சொம்புதான். அதோட வயித்துல ஜன்னல் கம்பி அத்தனையும் வரி வரியா விழுது, விளிம்பு வெளுத்துப் போகுது. ஜன்னல்ல வெள்ளை வேட்டி கட்டினேன். கம்பி மங்குச்சு, ஆனா பித்தளைக்கு உள்ள தகதகப்பே போயிடுச்சு. போலரைசர் (லென்ஸ் முன்னாடி மாட்டுற, பளபளப்பைக் குறைக்கிற ஃபில்டர்) வாங்கச் சொல்லாதீங்க, வெறும் உலோகத்தோட பளபளப்பை அது வெட்டாது.

கேமரா செட்டிங்: 50 எம்எம் லென்ஸ், எஃப்/8, ஐஎஸ்ஓ 100, ட்ரைபாட். டியூப்லைட்டை அணைச்சுடுவேன். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கத் தெர்மாகோல்.

வேட்டியை ஜன்னலை விட்டுத் தள்ளி, சொம்புக்குக் கிட்ட கட்டணுமா? இல்ல, தெர்மாகோலை எடுத்துட்டுக் கறுப்பு சார்ட் வெச்சா ஓரம் எடுப்பா வருமா? புளி போட்டுத் தேய்க்காம மங்கலாவே விடுங்கன்னு ஒருத்தர் சொன்னார். வீட்ல ஒத்துக்க மாட்டாங்க. பித்தளை, எவர்சில்வர் எடுத்துப் பழக்கம் உள்ளவங்க, எதை எங்க வெச்சீங்கன்னு ஒரு போட்டோ போட்டுக் காட்டினா பெரிய உதவி.