மூன்று மாதத்துக்கு ஒரு பேரிங் போகிறது, காரணம் பிடிபடவில்லை

காங்கேயத்தில் எங்கள் அரிசி ஆலை. நெல் டிரையர் ப்ளோயர் மோட்டாரில் மட்டும் பேரிங் நிற்கவே மாட்டேன் என்கிறது. பத்து மாதத்தில் இது நான்காவது.

மோட்டார் 15 எச்.பி., 1,440 ஆர்.பி.எம்., புல்லி பக்கம் 6309 பேரிங். பழைய ஸ்டார்ட்டரில் ஆறு வருஷம் முனகாமல் ஓடியது. கரண்ட் பில்லை நினைத்து, மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் வி.எஃப்.டி. டிரைவ் போட்டோம், அதற்கு அப்புறம்தான் இந்தத் தொல்லை. முதலில் லேசான ரீங்காரம், இரண்டு வாரத்தில் பக்கத்தில் நின்று பேச முடியாது. சூடு 65 டிகிரிதான். ஆம்பியர் 18 தாண்டவில்லை.

கிரீஸ் மாற்றினோம், பெல்ட் இழுவையைக் குறைத்தோம், புல்லியை நூல் பிடித்து நேராக்கினோம், ஃபேனை பேலன்ஸ் செய்தோம். மெக்கானிக் இன்னும் கிரீஸையே குறை சொல்கிறார். கடைசி பேரிங்கை நானே அறுத்துப் பார்த்தேன். வெளி வளையத்தில் குண்டு ஓடும் தடம் முழுக்க, சீப்பால் கீறினாற்போல் சீரான இடைவெளியில் குறுக்குக் கோடுகள். கிரீஸ் கறுத்துக் கிடந்தது. தூசி புகுந்திருந்தால் இவ்வளவு ஒழுங்காகக் கோடு விழாதே!

வி.எஃப்.டி.யால் ஷாஃப்ட் வழியாகப் பேரிங்கில் கரண்ட் பாய்கிறதா என்பதை, ஐந்தாவது பேரிங் போடுவதற்கு முன் ஆலையிலேயே சோதித்து உறுதி செய்ய என்ன வழி?