சாஸ்தா குடும்பக் குழுவில் ஒரு ஜாயின்ட் கணக்கு

அம்பைச் சித்தப்பா: அனைவருக்கும் வணக்கம். நம் குலதெய்வம் சாஸ்தா கோயில் பங்குனி உத்திரத்துக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் தலைக்கட்டு வரிப் பணம் இனி யார் வீட்டுப் பீரோவிலும் இருக்க வேண்டாம் என்று பேசினோம் அல்லவா? பெரியண்ணன், நான், வள்ளியூரான் மூவர் பெயரிலும் கணக்குத் தொடங்க வேண்டும். வங்கியில் ஆங்கிலத்தில் கடிதம் கேட்டார்கள். எழுதிவிட்டேன், பார்த்துச் சொல்லுங்கள்: "வி த்ரீ ஆர் வெரி ஜாயின்ட். வி ஹேவ் ஜாயின்ட் டுகெதர் ஃபார் டெம்பிள் அக்கவுண்ட்."

வள்ளியூர் அண்ணன்: 👏👏

தென்காசி அத்தை: ஜாயின்ட் என்றாலே எனக்கு முழங்கால்தான் நினைவுக்கு வருகிறது. தோரணமலைப் படி ஏறி இறங்கியதிலிருந்து ஒரே குடைச்சல்.

நான்: அத்தை, உங்கள் முழங்கால் பெயர்ச்சொல். சித்தப்பா எழுதியது பெயரடை.

தென்காசி அத்தை: பெயர்ச்சொல்லுக்குத் தைலம் ஏதாவது இருந்தால் அனுப்பி வை.

பாளைப் பெரியப்பா: தம்பி, இரண்டாவது வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்குக் கடைசி எழுத்து என்ன போட்டிருக்கிறாய்? டீக்கடையின் டீயா, டெல்லியின் டியா?

அம்பைச் சித்தப்பா: டீக்கடைதான் அண்ணன்.

பாளைப் பெரியப்பா: நினைத்தேன். அங்கே உனக்கு வேண்டியது "சேர்ந்திருக்கிறோம்" என்ற வினை. அதற்கு டெல்லி டிதான் வரும், அதற்கு முன்னால் ஓர் இ-யும் வரும். நம் காதுக்கு இரண்டும் ஒன்றாகவே விழுவதால் வரும் வினை இது. விடுப்பு முடிந்து பணியில் சேரும் ஆசிரியர்களே "ஜாயின்ட் டியூட்டி" என்று டீக்கடை டீ போட்டு எழுதித் தருவார்கள். தலைமையாசிரியரும் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். பாளையங்கோட்டையைத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்கிறார்கள்!

அம்பைச் சித்தப்பா: சரி, டெல்லிக்கு மாற்றிவிடுகிறேன். முதல் வாக்கியம் சரிதானே?

பாளைப் பெரியப்பா: அதுதான் இன்னும் மோசம். ஜாயின்ட் என்ற பெயரடை வழக்கமாக ஒரு பெயருக்கு முன்னால்தான் வரும். ஜாயின்ட் அக்கவுண்ட், ஜாயின்ட் ஓனர், ஜாயின்ட் ஸ்டேட்மென்ட். ஆட்களைக் காட்டி "வி ஆர் ஜாயின்ட்" என்று எழுதுவதில்லை. தமிழிலேயே பார். கூட்டுப் பட்டா என்கிறோம், கூட்டுக் குடும்பம் என்கிறோம். வங்கி மேலாளரிடம் போய் "நாங்கள் மூவரும் கூட்டு" என்று சொல்லிப் பார், கூட்டுக் களவாணிகள் என்று நினைத்துப் போலீசைக் கூப்பிடுவார். "வெரி"யும் ஒட்டாது. பட்டா ஒன்று கூட்டாக இருக்கும், இல்லையென்றால் தனியாக இருக்கும். மிகவும் கூட்டான பட்டா என்று எந்தத் தாலுகா அலுவலகத்திலும் தர மாட்டார்கள்.

வள்ளியூர் அண்ணன்: 😂 பெரியப்பா ஓய்வு பெற்றாலும் வகுப்பு ஓயவில்லை.

அம்பைச் சித்தப்பா: அப்படியானால் மியூச்சுவல் அக்கவுண்ட் என்று போட்டுவிடலாமா? கேட்க மரியாதையாக இருக்கிறது.

பாளைப் பெரியப்பா: வேண்டாம். மியூச்சுவல் டிரான்ஸ்ஃபரை மனமொத்த மாறுதல் என்பார்கள். நான் உன் பள்ளிக்கு, நீ என் பள்ளிக்கு. அவரிடமிருந்து இவருக்கு, இவரிடமிருந்து அவருக்கு என்று போக்குவரத்து இருந்தால்தான் மியூச்சுவல். நாம் மூவரும் ஒரே பக்கம் நின்று ஒரே கணக்கைத் தொடங்குகிறோம்.

நான்: காமன் என்றும் போட முடியாது, பெரியப்பா. ஐ.ஐ.டி. தேர்வான ஜே.இ.இ.யில் முதல் எழுத்து ஜாயின்ட். நிறுவனங்கள் சேர்ந்து நடத்துவது என்று பெயர். ஐ.ஐ.எம். தேர்வான சி.ஏ.டி.யில் முதல் எழுத்து காமன். எல்லா ஐ.ஐ.எம்.முக்கும் பொதுவானது என்று பெயர்.

பாளைப் பெரியப்பா: சபாஷ். ஊர்க் கிணறு காமன். நாலு பேர் பத்திரம் போட்டு வாங்கிய கிணறு ஜாயின்ட்.

வள்ளியூர் அண்ணன்: பத்திரம் எழுதுகிறவன் என்ற முறையில் நானும் ஒன்று சொல்கிறேன். எங்கள் தொழிலில் இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் ஒரு சொத்தே கைமாறும். ஜாயின்ட் டெனன்ட் என்றால் ஒருவர் இறந்ததும் அவர் பங்கு உயிரோடிருப்பவருக்குப் போய்விடும். டெனன்ட்ஸ் இன் காமன் என்றால் அவரவர் பங்கு அவரவர் வாரிசுக்கு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு, உயில் இல்லாமல் சேர்ந்து வாரிசாகிறவர்களை இரண்டாவது வகையில்தான் வைக்கிறது. சொல்லை மாற்றிப் போட்டால் பிள்ளைகள் கோர்ட்டுக்கு அலைய வேண்டியதுதான்.

அம்பைச் சித்தி: எல்லாரும் சொல்லைப் பார்க்கிறீர்கள். பணம் எடுக்க யார் கையெழுத்துப் போடுவது? அதைக் கடிதத்தில் காணோமே.

பாளைப் பெரியப்பா: ஜாயின்ட் அக்கவுண்ட் என்றால் மூவரும்தானே அம்மா.

அம்பைச் சித்தி: இல்லை அத்தான். பெயர் மூவருக்கும் இருக்கலாம், எடுக்கும் உரிமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் மகளிர் குழுக் கணக்கில் ஒரு கையெழுத்தில் ஒரு ரூபாய் வராது. எங்கள் வீட்டுக் கணக்கிலோ நான் தனியாகப் போய் எடுப்பேன், அவரும் எடுப்பார்.

நான்: சித்தி சொல்வது சரி. வீட்டுக் கணக்கு "எய்தர் ஆர் சர்வைவர்". இருவரில் யாரும் எடுக்கலாம். "ஃபார்மர் ஆர் சர்வைவர்" என்றால் முதல் பெயர்க்காரர் இருக்கும்வரை அவர் மட்டும்தான். மூவர் என்றால் "எனிஒன் ஆர் சர்வைவர்" என்று வைக்கலாம். எல்லாரும் கையெழுத்திட வேண்டும் என்றால் "ஜாயின்ட்லி". இவை எல்லாமே ஜாயின்ட் அக்கவுண்ட்தான்.

அம்பைச் சித்தப்பா: மூவர் கையெழுத்து ஆகாது. பந்தல்காரருக்கு முன்பணம் கொடுக்க நான் பாளைக்கும் வள்ளியூருக்கும் பஸ் ஏற வேண்டும்.

தென்காசி அத்தை: ஒருவர் கையெழுத்தும் ஆகாது. போன வருஷத்து மாலைச் செலவுக்கே இன்னும் கணக்கு வரவில்லை என்று கேள்வி.

அம்பைச் சித்தப்பா: உனக்கு உன் புகுந்த வீட்டு சாஸ்தா இருக்கிறார், அங்கே போய்க் கணக்குக் கேள்.

தென்காசி அத்தை: வரிதான் அங்கே, சின்னண்ணன். கேள்வி பிறந்த வீட்டில்தான்.

வள்ளியூர் அண்ணன்: மூவரில் எவராவது இருவர் என்று வைத்துக்கொள்வோம்.

பாளைப் பெரியப்பா: அதுதான் நல்லது. தம்பி, இதை அப்படியே எழுதிக்கொள்: "வி ரிக்வெஸ்ட் யூ டு ஓபன் எ ஜாயின்ட் அக்கவுண்ட் இன் அவர் த்ரீ நேம்ஸ், டு பி ஆபரேட்டட் பை எனி டூ ஆஃப் அஸ் ஜாயின்ட்லி." முதலில் வருவது பெயரடை, கணக்கைச் சொல்கிறது. கடைசியில் வருவது வினையடை, கையெழுத்துப் போடும் விதத்தைச் சொல்கிறது. டுகெதர் எங்கேயும் வேண்டாம்.

அம்பைச் சித்தப்பா: இரண்டுக்கும் டீக்கடைதானே?

பாளைப் பெரியப்பா: இரண்டுக்கும் டீக்கடைதான்.

அம்பைச் சித்தப்பா: சரி. திங்கட்கிழமை காலை மூவரும் நேரில் போக வேண்டும். ஆதார், பான் அட்டை அசலும் நகலும், ஆளுக்கு இரண்டு போட்டோ.

பாளைப் பெரியப்பா: ஜங்ஷனில் செங்கோட்டை வண்டி ஏறி வருகிறேன்.

அம்பைச் சித்தப்பா: அம்பை ஸ்டேஷனுக்கு பைக்கில் வந்து நிற்கிறேன் அண்ணன். சாப்பாடு நம் வீட்டில்.

அம்பைச் சித்தி: எத்தனை பேர் என்று ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.