சைலன்சர் போட்ட துப்பாக்கிச் சத்தத்துக்குப் பன்றிக் கூட்டம் ஓடாதா?

கடலைக்காடு (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு):
எங்க வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் நிலக்கடலை காய் பிடிக்கும்போதே பன்றி இறங்கிவிடுகிறது. பஞ்சாயத்து அனுமதியோடு ஷூட்டர் வந்து ஒன்றைச் சுட்டால் மீதி எல்லாம் சிதறிவிடும், இரண்டாவது வெடிக்கு வழியே இல்லை. பின்லாந்து, நார்வேயில் சைலன்சர் மாட்டிச் சுடும்போது பக்கத்தில் மேயும் விலங்கு சில நேரம் அப்படியே நிற்கிறது என்கிறார்கள். அதற்குச் சத்தமே கேட்காதா? நம்ம ஊருக்கு அது உதவுமா?

பரண்மேடு:
நன்றாகவே கேட்கும் அண்ணா. ரைபிள் வெடிச் சத்தம் சுமார் 160 டெசிபல். நல்ல சைலன்சர் அதில் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சம் இருப்பதே காதைப் பிளக்கும். பன்றியின் காது 40 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கும், நமக்கோ 20தான் எல்லை.

அது நிற்பதற்குக் காரணம் வேறு. தோட்டா ஒலியைவிட வேகமாகப் போனால் போகிற வழியெல்லாம் சாட்டை சொடுக்கியது போல ஒரு வெடிப்பு உண்டாகும். அதைச் சைலன்சரால் ஒன்றும் செய்ய முடியாது. விநாடிக்கு 800 மீட்டர் போகும் தோட்டா 100 மீட்டர் தள்ளி நிற்கும் விலங்கை 0.13 விநாடியில் எட்டிவிடும். குழலிலிருந்து கிளம்பும் சத்தம் போய்ச் சேர 0.29 விநாடி ஆகும். முதலில் வரும் சொடுக்கு தோட்டா போன பாதையிலிருந்து கேட்கிறது, பின்னால் வரும் குழல் சத்தம்தான் ஆள் இருக்கும் திசையைக் காட்டிக்கொடுக்கிறது. சைலன்சர் அமுக்குவது அந்த இரண்டாவதை. அதனால் விலங்கு தலையைத் தூக்கும், காதைத் திருப்பும், எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் சில விநாடி நிற்கும். தவறான பக்கம் ஓடிச் சுடுபவரை நோக்கியே வருவதும் உண்டு.

அந்தத் தயக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் சுடப்பட்ட பன்றிதான். அது நின்ற இடத்திலேயே விழுந்தால் மற்றவை குழம்பி நிற்க வாய்ப்பு உண்டு. வீறிட்டு ஓடினால் எந்தச் சைலன்சரும் கூட்டத்தைப் பிடித்து நிறுத்தாது.

கடலைக்காடு:
அப்போ ஒலி வேகத்துக்குக் கீழே போகும் தோட்டா போட்டால் சொடுக்கு வராதே?

பரண்மேடு:
வராது, ஆனால் அடியும் இருக்காது. .308 ரைபிளில் வழக்கமான தோட்டா சுமார் 3,500 ஜூல் சக்தியோடு கிளம்பும், மெதுவான தோட்டாவில் அது 600 பக்கம் இறங்கிவிடும். சிறிய .22 ரைபிள் என்றால் 130 பக்கம்தான். தடித்த தோளும் கொழுப்பும் உள்ள கிடாப்பன்றியை அது காயப்படுத்தி அனுப்பும், அவ்வளவுதான். பன்றிக்கு இதை யோசிக்கவே வேண்டாம்.

மலையடிவாரம்:
சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் சைலன்சர் தடை செய்யப்பட்ட வகையில் வருகிறது, சாதாரண லைசென்ஸில் வைத்துக்கொள்ள முடியாது. ஊர்ப் பட்டறையில் குழாய் கடைந்து மாட்டுவது குற்றம், உயிருக்கும் ஆபத்து: துளை மயிரிழை கோணினாலும் தோட்டா உள்ளே இடித்துக் குழாய் வெடிக்கும். கேரளத்தில் 2022 மே மாதத்திலிருந்து உள்ளாட்சித் தலைவர்களுக்குப் பன்றியைச் சுட உத்தரவிடும் அதிகாரம் இருக்கிறது. விஷம், வெடி, மின்சாரம் எதுவும் கூடாது, உடலைப் புதைத்துவிட வேண்டும். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் தோட்டம் இருந்தால் இந்த அனுமதி செல்லாது. அங்கே சுடுவது வனத்துறை ஆட்கள் மட்டும், அதுவும் காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ. தாண்டிய இடத்தில்தான்.

இப்போது உங்கள் சிக்கல். இங்கே பெரும்பாலும் 12 போர் துப்பாக்கிதான், அதில் எல்ஜி தோட்டா (ஒரே தோட்டாவில் பல குண்டுகள்) 30 மீட்டருக்கு மேல் சிதறிவிடும், அதற்குள் வரவிட்டே சுட வேண்டும். கூட்டத்தை நடத்தும் கிழட்டுப் பெட்டையை முதலில் சுடாதீர்கள். தலைமை போனால் மீதி நாலா பக்கமும் பிரிந்து, இன்னும் பல வயல்களில் இறங்கும். ஜெர்மானிய வேட்டைக்காரர்கள் கூட்டத்தில் சின்னதையே முதலில் எடுப்பார்கள். பன்றி குறுக்காக நிற்கும்வரை பொறுத்து, முன்னங்காலுக்கு நேர் மேலே, உடலின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் குறி வைக்கச் சொல்லுங்கள்.

காற்று பன்றிப் பக்கமிருந்து சுடுபவர் முகத்துக்கு வர வேண்டும். சத்தத்துக்குத் தயங்கும் பன்றி மனித வாடைக்குத் தயங்காது, உடனே ஓடும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடி போடுங்கள், சிவப்பு அதற்கு மங்கலாகத்தான் தெரியும். பரணிலிருந்து கீழ்நோக்கிச் சுட்டால் தோட்டா மண்ணில் இறங்கும். சமதரையில் காய்ந்த செம்மண்ணிலும் பாறையிலும் அது தெறித்துப் போகும், பக்கத்துத் தென்னந்தோப்பில் காவல் ஆள் இருப்பார்.

பரண்மேடு:
பட்ட பன்றி ஓடினால் பின்னாலேயே போக விடாதீர்கள். நின்ற இடத்தில் ரத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். நுரையோடு இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், அரை மணி நேரம் விட்டால் நூறு மீட்டருக்குள் கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். பச்சையும் சாண நாற்றமும் என்றால் குடல்: நாலைந்து மணி நேரம் காத்திருந்து, விடிந்த பிறகு, துப்பாக்கியோடு இரண்டு பேராகத்தான் புதருக்குள் போக வேண்டும்.