ஏசி ரூமுக்கும் மலையில டென்ட்டுக்கும் ஒரே கம்பளிப் போர்வை: எதைப் பார்த்து வாங்கணும்?

தக்கலைக்காரன்:
ஏசி போட்டுப் படுக்கவும், டிசம்பர்ல மூணாறு பக்கம் டென்ட்ல தங்கவும் ஒரே கம்பளி போதும்னு நினைக்கேன். 700 ரூபாய்க்கும் 'சுத்த வுல்'னு தாறாங்க, 4,000க்கும் தாறாங்க. எப்படிக் கண்டுபிடிக்க? நம்ம ஊர் ஈரத்துல பூசணம் பிடிக்காதா?

வடசேரி நூல்காரன்:
அண்ணே, முழு அளவுப் போர்வை 700க்குன்னா அது பெரும்பாலும் அக்ரிலிக்தான், அதாவது பிளாஸ்டிக் நூல். ஓரத்துக் குஞ்சத்துல ஒரு இழையை உருவி, இடுக்கியில பிடிச்சு தீக்குச்சி காட்டுங்க. கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரும், தீயை விலக்கினதும் அணையும், சாம்பல் விரல்ல பொடியாகும். உருகிக் கெட்டி மணியா நின்னா பிளாஸ்டிக் நூல். கலப்பு நூல்ல ரெண்டும் சேர்ந்தே தெரியும். அப்போ லேபிள்ல சதவீதத்தைப் பாருங்க.

எடையைக் கேட்டு பரப்பால வகுங்க. 150×200 செ.மீ. போர்வை 3 சதுர மீட்டர், 1.2 கிலோ இருந்தா 400 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்ங்கிற கணக்கு). உங்களுக்கு 350–450 சரி. 600க்கு மேல போனா மழைக்காலத்துல துவைச்சு உணத்த முடியாது. 130×180 சோஃபாவுக்குத்தான், தோளை மூடினா கால் வெளியே நிக்கும். அரிக்குமான்னு உள்ளங்கையில தொட்டா தெரியாது, கழுத்துல வச்சுப் பாருங்க.

பேச்சிப்பாறை மலையேறி:
மூணாறுல டிசம்பர், ஜனவரி ராத்திரி சில நாள் 5 டிகிரிக்குக் கீழே போகும். போர்வை மட்டும் தாங்காது. ஸ்லீப்பிங் பேக் மேல போடுங்க. கீழே விரிச்சா உடம்பு எடையில அமுங்கி, உள்ளே நிக்கிற காத்து போயிடும், சூடும் போயிடும். தரைக்கு 10 மி.மீ. ஃபோம் பாய் தனியா வேணும், இதுல விட்டுக்கொடுக்கவே கூடாது. தீப்பொறி பறந்தா பாலியஸ்டர் ஃப்ளீஸ்ல ஓட்டை விழும். கம்பளியில அந்த இடம் மட்டும் கருகும்.

குளச்சல் அக்கா:
தம்பி, கம்பளி தன் எடையில ஏறக்குறைய மூணில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கியும் கைக்கு நனைஞ்ச மாதிரி தெரியாது. அதை நம்பி பாலித்தீன் பையில கட்டி வச்சாதான் பூசணம் வரும். ஒரு மணி நேரம் வெயில்ல காட்டி, சூடு ஆறினப்புறம் பருத்தித் துணியில சுத்தி வைங்க. ஜூன்–ஜூலையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் வெயில் கிடைக்கிற அன்னைக்கெல்லாம் வெளியே எடுங்க.

அந்துப்பூச்சி கதை வேற. புழு வியர்வை, சாப்பாட்டுக் கறை உள்ள இடத்தைத் தேடித் திங்கும், அதனால அழுக்கோட மடிச்சு வைக்கக் கூடாது. பாச்சா உருண்டை போட்டா கைக்குழந்தைக்குப் போர்த்தாதீங்க.

துவைக்க ஒரு வாளி பச்சத்தண்ணி, ரெண்டு ஸ்பூன் ஷாம்பூ, பத்து நிமிஷ ஊறல், அமுக்கி எடுத்தல், அவ்வளவுதான். வெந்நீரும் தேய்ப்பும் சேர்ந்தா இழையில உள்ள செதில் ஒண்ணோடொண்ணு கோத்துச் சுருங்கிடும், பிறகு விரியாது. கறை போக்குற என்சைம் பவுடர் வேண்டாம், அது கம்பளிப் புரதத்தையே அரிக்கும்.

தக்கலைக்காரன்:
கொடியில உணத்தலாமா அக்கா?

குளச்சல் அக்கா:
ஈரத்தோட தொங்கவிட்டா எடையில இழுபட்டு ஓரம் கோணிடும். டவல்ல சுருட்டி அமுக்கிட்டு, கயித்துக் கட்டில்ல நிழல்ல விரிங்க.