ஏஞ்சல் தொட்டியில் எல்லோ லேப் விடலாமா?

ஊட்டி_பெர்ன்ஹில்:
மூன்றடித் தொட்டியில் ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் மட்டும் இருக்கிறது. எல்லோ லேப் என்ற மஞ்சள் மீன் நான்கு வாங்கி விடச் சொல்கிறார் கடைக்காரர். இரண்டும் சிக்லிட் குடும்பத்து மீன் தானே என்கிறார். விடலாமா?

கோத்தகிரி_தொட்டி:
தாராளமாக விடுங்கள் தம்பி. ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களில் எல்லோ லேப் சாது. என்னிடம் எட்டு மாதமாக இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கின்றன, ஒன்றும் சாகவில்லை.

குன்னூர்_மீன்:
அண்ணா, சாகாமல் இருப்பது வேறு, நன்றாக இருப்பது வேறு. சிக்லிட் என்பது பெரிய குடும்பம். நம் ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட் தான், அதை ஏஞ்சலோடு விடுவோமா? ஏஞ்சல் அமேசான் பக்கத்து மீன், அங்கே மென்மையான தண்ணீர். மலாவி ஏரியில் காரத் தண்ணீர், பி.எச். 7.7 முதல் 8.6 வரை. எங்கள் வீட்டு ஊற்றுத் தண்ணீரில் சோப்பு தொட்டதும் நுரைக்கிறது, அவ்வளவு மென்மை. உங்களுக்கும் அப்படியென்றால் அது ஏஞ்சலுக்கான தண்ணீர்.

கோத்தகிரி_தொட்டி:
கடையில் விற்கும் ஏஞ்சல் பண்ணையில் பிறந்தது. கடினமான சென்னை போர் தண்ணீரிலேயே முட்டை வைக்கிறது. லேப்புக்காகக் காரத்தைக் கூட்டக் கொஞ்சம் பவளத் தூள் போட்டால் போதும்.

குன்னூர்_மீன்:
சரி, தண்ணீர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் துடுப்பு? ஏஞ்சல் மெதுவாக மிதக்கும், லேப் பாய்ந்து வந்து இரையைப் பறிக்கும். போன வருடம் நானும் சேர்த்து விட்டேன். ஒரே வாரத்தில் ஏஞ்சலின் தொங்கும் துடுப்புகள் நார் நாராகிவிட்டன. இன்னும் மனசு கேட்கவில்லை. ஏஞ்சல் ஜோடி முட்டை வைத்தால் அதுவும் பாதித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு விரட்டும். உங்கள் தொட்டி எத்தனை அடி அண்ணா?

கோத்தகிரி_தொட்டி:
ஐந்தடி. ஒரு பக்கம் முழுக்கப் பாறை அடுக்கியிருக்கிறேன். மூன்றடியில் அவ்வளவு மறைவிடம் கிடைக்காது, அதை நான் யோசிக்கவில்லை. அப்படியென்றால் நியான் டெட்ரா விடட்டும். குட்டியிலிருந்தே சேர்த்து வளர்த்தால் ஏஞ்சல் தொடாது.

குன்னூர்_மீன்:
இவருடையது வளர்ந்த ஜோடி. நியான் அதன் வாய்க்குள் போகும் அளவுதான், ராத்திரியில் ஒவ்வொன்றாகக் காணாமல் போகும். கோரிடோராஸ் என்ற குட்டிக் கெளுத்தி ஆறு விடுங்கள். அது அடியில் மேயும், ஏஞ்சல் நடுவில் நிற்கும். ஹீட்டர் 26 டிகிரியில் இருந்தால் இரண்டுக்கும் ஒத்துப்போகும். அப்புறம், உறைபனி ராத்திரியில் கரண்ட் போனால் தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்துங்கள்.

ஊட்டி_பெர்ன்ஹில்:
தொட்டியை ஒட்டி ஜன்னல் இருக்கிறது, டிசம்பரில் பனி நேராக அடிக்கும். முதலில் தொட்டியை இடம் மாற்றுகிறேன். லேப் வேண்டாம். கோரிடோராஸ் ஆறு கிடைக்குமா என்று ஞாயிற்றுக்கிழமை கடையில் கேட்கிறேன்.