வயருக்கு மட்டும் காசு: நாற்பதைத் தாண்டிக் கைவேலை விற்கத் தொடங்கியவர்களின் அனுபவங்கள்

கூடைக்காரி, மதுரை

வயர் கூடை பின்னுவதைப் பற்றி இந்தக் கைவேலை இணைய மன்றத்தில் உள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சாதா முடிச்சு, நெல்லிக்காய், சிவன் கண் என்று எல்லாப் பின்னல் வகைகளும் பின்னுவேன். இரண்டாவது மகன் கல்லூரி விடுதிக்குப் போன பிறகு, 44ஆவது வயதில் விற்கத் தொடங்கினேன். இவ்வளவு போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

சென்ற தை மாதம் என் கணவரின் அக்கா, தம் மகளின் வளைகாப்புக்குத் தாம்பூலம் வைத்துக் கொடுக்க 25 சிறிய கூடைகள் வேண்டும் என்றார். ஒரு கூடைக்கு அரை ரோல் வயர் பிடிக்கும். ஏறத்தாழ மூன்று மணி நேர வேலை. வெளியாட்களுக்கு 120 ரூபாய்க்குக் கொடுப்பது வழக்கம். அவர் விலையைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பகலில் கிடைத்த நேரத்திலும், இரவு பாத்திரங்களைக் கழுவி வைத்த பிறகும் உட்கார்ந்து, அரக்கும் பச்சையும் கலந்து பதினெட்டு நாட்களில் முடித்தேன். வலது ஆள்காட்டி விரலை வயர் அறுத்துவிட்டதால், கடைசி ஆறு கூடைகளைப் பிளாஸ்திரி ஒட்டிய விரலோடுதான் பின்னினேன்.

வளைகாப்புக்கு முந்தின நாள் மாலை, கூடத்தில் உறவினர் பத்துப் பேர் உட்கார்ந்திருக்க, அவர் கூடைகளை ஒவ்வொன்றாக எண்ணி அடுக்கிவிட்டு, "வயர் எவ்வளவுக்கு வாங்கின?" என்று கேட்டார். 13 ரோல், 780 ரூபாய் என்றேன். கைப்பையிலிருந்து 800 ரூபாயை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவரே மடக்கிவிட்டு, "மீதி இருபது ரூபாய்க்கு உன் மகனுக்கு மிட்டாய் வாங்கிக் கொடு" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்பதும், "எதுக்கு அண்ணி இதெல்லாம், காசெல்லாம் வேண்டாம்" என்று என் வாயே சொன்னது என்பதும்தான் இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கின்றன. அவர் கஞ்சத்தனம் உள்ளவர் அல்லர். பந்தல் போட்டவருக்கும் சமையல்காரருக்கும் கேட்ட தொகையை அன்று அவர் மறுபேச்சின்றிக் கொடுத்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். அவர் மடக்கிய விரல்களில் பிளாஸ்திரி ஒட்டிய விரலும் ஒன்று.

இப்படி வேறு யாருக்காவது நேர்ந்திருக்கிறதா?

பலகையும் தூரிகையும், தஞ்சாவூர்

உங்களுக்கு உறவினர், எனக்கு முன்பின் அறியாதவர், வேறுபாடு அவ்வளவுதான். தனியார் நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தபோது எனக்கு வயது 51. இளமையில் கற்றுப் பாதியில் விட்ட தஞ்சாவூர் ஓவியத்தை வீட்டின் முன்னறையில் மீண்டும் தொடங்கினேன்.

பலகையில் துணி ஒட்டி, சுண்ணத்தூளும் கோந்தும் குழைத்துப் புடைப்பு வேலை செய்து, கற்கள் பதித்து, 22 காரட் தங்கத் தாளை ஒட்டி, வண்ணம் தீட்டிக் கடைசியாகக் கண் திறப்பதற்குள் எத்தனை நாட்கள் கரையும் என்பது இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். அப்படி முடித்த ஓர் ஆலிலைக் கண்ணனைப் பார்க்க ஒரு தம்பதியர் வந்தார்கள். "இது நிஜத் தங்கமா, ஜிகினாவா?" என்று கேட்ட அந்த அம்மையார், நான் பதில் சொல்ல வாய் திறப்பதற்குள், கண்ணனின் தோள்வளையைக் கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறினார். தாள் விலகி, அடியிலிருந்த புடைப்புக் கலவை ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. "பார்த்தீர்களா, உள்ளே வெள்ளையாக இருக்கிறது, தங்கமாக இருந்தால் உள்ளேயும் மஞ்சளாகத்தானே இருக்கும்" என்று கணவரிடம் காட்டினார். பிறகு சற்றும் தயங்காமல், கீறல் விழுந்த படத்துக்கு முழு விலை எப்படிக் கேட்கிறீர்கள் என்று 2,000 ரூபாய் குறைக்கச் சொன்னார்.

குறைத்தேன். அந்த மாதம் வீட்டு நிலைமை அப்படி. கீறலைச் சரிசெய்து தருகிறேன் என்றதற்கும், நேரமில்லை என்று அப்படியே எடுத்துப் போனார்கள். இப்போது கதவருகே ஒரு சிறு பலகைத் துண்டில் தங்கத் தாள் ஒட்டி வைத்திருக்கிறேன். கீற விரும்புகிறவர்கள் அதைக் கீறிப் பார்க்கலாம். இதுவரை ஒருவரும் கீறவில்லை.

குழுத் தலைவி, சேலம்

இரண்டு பதிவுகளையும் படித்தேன். என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்: 42 வயதில் சணல் பை தைக்கத் தொடங்கினேன், ஒரு மண்டபத்து நிகழ்ச்சிக்கு 100 பைகள் தைத்துக் கொடுத்து, பணம் கேட்டு நான்கு மாதம் நடந்தேன், பாதி வந்தது. மீதியைக் கேட்க ஐந்தாவது முறை போனபோது, அவர் வீட்டு நாய்கூட என்னைப் பார்த்துக் குரைப்பதை நிறுத்தியிருந்தது.

ஆனால் மதுரைச் சகோதரி, உங்கள் அண்ணியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு கூடைக்கு வயர் 31 ரூபாய், விற்பனை விலை 120 ரூபாய். மீதி 89 ரூபாய், மூன்று மணி நேரத்துக்கு. மணிக்கு 30 ரூபாய்கூட ஆகவில்லை. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின் தினக்கூலி 2025-26இல் 336 ரூபாய். எட்டு மணி நேரம் என்று வைத்தாலும் மணிக்கு 42 ரூபாய். அண்ணி கைவைப்பதற்கு வெகுமுன்பே உங்கள் கூலியில் நீங்களே கைவைத்துவிட்டீர்கள். பொருட்செலவு, மணிக்கணக்கில் கூலி, போக்குவரத்து, கெட்டுப்போகும் பொருளுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று நான்கையும் கூட்டி விலை வையுங்கள். அதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாய் சொல்லக் கூச்சப்படுவதைச் சுவர் சொல்லிவிடும்.

இன்னும் சில விஷயங்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் வீட்டிலிருந்தே செய்யலாம். அதற்கு 2,000, 3,000 என்று வாங்கும் இடைத்தரகர்களிடம் போக வேண்டாம். சரக்கு விற்பனை ஆண்டுக்கு 40 லட்சத்தைத் தாண்டாதவரை மாநிலத்துக்குள் விற்க ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. இணையச் சந்தைகளில் விற்க முன்பு அது கட்டாயமாக இருந்தது. மாநிலத்துக்குள் மட்டும் விற்கும் சிறு வணிகர்களுக்கு 2023 அக்டோபர் 1 முதல் அதைத் தளர்த்தி, ஒரு சேர்க்கை எண் பெற்றால் போதும் என்று ஆக்கியிருக்கிறார்கள். தமிழக அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 35 வயது நிறைந்தவர்களுக்குத்தான். நம்மைப் போன்றவர்களுக்கு வயதே தகுதியாக இருக்கும் திட்டம் வேறு எங்கே கிடைக்கும்? 25 வகைத் தொழில்கள், 3 லட்சம் ரூபாய் வரை கடன், அதில் நான்கில் ஒரு பங்கு, அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம், வட்டியிலும் 5 சதவீதம் வரை சலுகை. உங்கள் தொழில் அந்தப் பட்டியலில் வருமா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள். கேட்காமலே 'நமக்கு எங்கே கிடைக்கும்' என்று வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தஞ்சாவூர் ஐயாவுக்கும் ஒன்று: கீறியவரிடம் படத்தைக் கொடுத்தது தவறு. கொடுக்காமல் இருந்திருந்தால் மறுநாள் வேறொருவர் முழு விலைக்கு வாங்கியிருப்பார்.

பனையோலை, காரைக்குடிப் பக்கம்

சேலத்துச் சகோதரிக்கு வணக்கம். மறுநாள் வரப்போகிற அந்த வேறொருவரின் விலாசம் இருந்தால் எனக்கும் அனுப்புங்கள். இரண்டு ஆண்டுகளாக நானும் காத்திருக்கிறேன். உங்கள் கணக்கில் தவறில்லை. ஆனால் அந்த நான்கைக் கூட்டும்போது 'போக்குவரத்து' என்று ஒரு சொல்லில் தாண்டிப் போனீர்களே, அதுதான் என்னைக் கூனிக் குறுக வைத்தது.

நான் செட்டிநாட்டுக் கொட்டான் என்கிற பனையோலைக் கூடை முடைகிறேன். குருத்தோலையைக் காயவைத்து, கிழித்து, சாயமேற்றி, நனைத்துப் பதம் பார்த்து முடைகிற வேலை. ஆச்சிமார் வீடுகளில் விசேஷங்களுக்குச் சீர் வைத்துக் கொடுத்த பொருள். புவிசார் குறியீடும் பெற்றது. 49ஆவது வயதில் முதல் வெளியூர் ஆர்டர் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. மூன்று கொட்டான்கள், அஞ்சல் செலவு உட்பட 1,350 ரூபாய் என்று பேசி முன்பணமும் வாங்கிவிட்டேன். எடை போட்டால் பெட்டியோடு சேர்த்து ஒரு கிலோவுக்கும் குறைவு. கூரியர் அலுவலகத்தில் இருந்த இளைஞர் அதை எடைத்தட்டில் வைத்தார், எடுத்தார், பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அளவு நாடாவை எடுத்துப் பெட்டியை அளந்தார். நீளம் 40, அகலம் 30, உயரம் 25 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுத்து, "ஆறு கிலோம்மா" என்றார்.

நான் அவர் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். பெட்டியை மீண்டும் தட்டில் வைத்து, "தம்பி, முள்ளைப் பாருங்க, ஒரு கிலோகூட இல்லையே" என்று சற்று உரக்கவே சொன்னேன். எடையைவிட அது அடைக்கும் இடம் பெரிதாக இருந்தால் இடத்துக்குத்தான் காசு என்று அவர் பொறுமையாக விளக்கினார். பின்னால் வரிசையில் நின்ற ஒருவர், "காத்துக்கும் காசு வாங்குறாங்கம்மா, விடுங்க" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது உண்மைதான். கொட்டானுக்குள் இருந்த வெற்றிடத்துக்கு நான் காசு கொடுத்தேன். அந்த ஆர்டரில் லாபம் போனது மட்டுமல்லாமல், கையிலிருந்தும் 140 ரூபாய் போட்டேன்.

அன்று இரவே அளவுகளை மாற்றினேன். இப்போது மூன்று கொட்டான்களும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்; பெரிய கொட்டானின் வாயளவுக்கு மேல் பெட்டி ஒரு விரல்கடைதான் கூடுதலாக இருக்கும். மருமகள் கேலி செய்கிறாள், அளவு நாடா இல்லாமல் அத்தை ஓலையைத் தொடுவதில்லை என்று.

வளையல், திருநெல்வேலி

எழுதலாமா என்று மூன்று நாட்களாக யோசித்தேன். எல்லோரும் விலையைக் குறைத்துக் கேட்டவர்களைப் பற்றியே எழுதுவதால் என்னுடையதையும் சொல்கிறேன். பட்டு நூல் வளையல் செய்கிறேன்; தொடங்கியபோது வயது 50. முகநூலில் படங்களைப் போட்ட இரண்டாவது வாரம் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். ராணுவத்தில் அதிகாரி, தங்கைக்குத் திருமணம், 40 செட் வேண்டும் என்றார். நான் ஒரு செட் 450 ரூபாய் என்று சொல்லிவிட்டு, வழக்கமான பேரத்துக்குக் காத்திருந்தேன். அவர், "அம்மா, இவ்வளவு நுணுக்கமான வேலைக்கு இது குறைவுதான்" என்றார்.

என் வேலையைப் பற்றி ஒருவர் சொல்லி நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது. கண் கலங்கிவிட்டது. ராணுவக் கணக்கிலிருந்து பணம் வர வேண்டுமென்றால் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போட வேண்டும் என்று அவர் சொன்னபோது, அந்தக் கலங்கிய கண்ணோடுதான் போட்டேன். முதலில் 5 ரூபாய் போய் 10 ரூபாய் வந்தது. அதற்குப் பிறகு 18,000 ரூபாய் போனது, எதுவும் வரவில்லை. பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை, அனுப்புவதற்குத்தான் தேவை என்பதைப் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். இணையக் குற்றப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிவு செய்தோம். பணம் இன்னும் வரவில்லை.

பணம் போனது ஒரு பக்கம். பேரம் பேசாமல் முழு விலைக்கு ஒப்புக்கொண்ட ஒரே வாடிக்கையாளர் திருடனாக இருந்தான் என்பதை என்னால் இன்னும் செரிக்க முடியவில்லை. இப்போது யாராவது நல்ல வேலை என்று பாராட்டினால், கை தானாகவே அலைபேசியைக் கவிழ்த்து வைக்கிறது.

குழுத் தலைவி, சேலம்

திருநெல்வேலிச் சகோதரி, உங்களுக்கு அறிவுரை எதுவும் சொல்லப் போவதில்லை. ஒரு செட் வளையல் என் பெண்ணுக்கு வேண்டும். 450 ரூபாய் முழுதாக அனுப்புகிறேன். நீங்கள் ரகசிய எண் எதுவும் போட வேண்டாம்.

காரைக்குடிச் சகோதரி, போக்குவரத்தை ஒரு சொல்லில் தாண்டியது என் தவறுதான். சணல் பை தட்டையாக மடியும் என்பதால் எனக்கு அது உறைக்கவில்லை.

கூடைக்காரி, மதுரை

எல்லோருக்கும் நன்றி. சேலத்துச் சகோதரி எழுதியதைப் படித்து முதலில் கோபம் வந்தது. பிறகு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன், மணிக்கு 29 ரூபாய் 67 காசு. விலையைத் தாளில் எழுதினேன். சுவரில் ஒட்டக் கூச்சமாக இருந்ததால் அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.

இதற்கிடையில் அண்ணியே அழைத்தார். குழந்தைக்குப் பெயர் சூட்டும் விழாவாம், 30 கூடைகள் வேண்டுமாம். அலமாரியைத் திறந்து, தாளைப் பார்த்துக்கொண்டே, "ஒரு கூடை 160 ரூபாய் அண்ணி, நம்ம வீட்டு விசேஷம் என்பதால் 150 போட்டுக்கொள்ளலாம்" என்று சொன்னேன். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சே இல்லை. தொலைக்காட்சியில் ஏதோ தொடர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் 'எதுக்கு அண்ணி' என்ற சொல் தொண்டைவரை வந்துவிட்டது, உதட்டைக் கடித்துக்கொண்டேன். பிறகு அவர், "உங்க அண்ணன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

இன்றோடு ஒன்பது நாட்கள் ஆகின்றன. என் கணவர் நேற்றுச் சாப்பிடும்போது, அக்கா ஏதாவது பேசினாளா என்று கேட்டார், இல்லை என்றேன். வயர் இன்னும் வாங்கவில்லை.